உன் அறிக்கையில் கையொப்பமிடப் போவது யார்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு டோங்காட்டில், தினமும் போய்வருகிறேன். இரண்டாம் ஆண்டில் ஹைட்ராலிக்ஸிலும் பொருள்களின் வலிமைப் பாடத்திலும் தவறிவிட்டேன். நான்கு ஆண்டுப் படிப்பு எனக்கு ஐந்தாகப் போகிறது. அதனால் கிடைத்துவந்த உதவித்தொகையும் நின்றுவிட்டது. அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். சித்தி மகன் கணினி படித்துவிட்டு மூன்றே ஆண்டில் கேப் டவுனில் வேலைக்குப் போய்விட்டான். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மாமா, "முடித்ததும் இங்கே வந்துவிடு" என்கிறார். இங்கே இந்தியர்களுக்கு வேலை கிடைக்காது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பில் நடத்துவதற்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்றும் எனக்குப் புரியவில்லை. கணினிப் பக்கம் மாறிவிடலாமா? தொடர்வதென்றால் எதைக் குறிவைத்துப் படிக்க வேண்டும்? வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் மாதக்கணக்கில் தண்ணீர் வராமல் இருந்தபோதுதான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அங்கிள். அம்மா பார்த்துத் திருத்தித் தந்தார்.

பதில்: மகளே, இரண்டு இடத்தில் ழகரமும் ளகரமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, அம்மா கண்ணுக்கும் தப்பியிருக்கிறது. மற்றபடி உன் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. என் பிள்ளைகள் இதில் பாதி எழுதியிருந்தால் தெருவுக்கே பாயசம் கொடுத்திருப்பேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் டர்பனில் இருந்த எம்.எல்.சுல்தான் டெக்னிக்கன் என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் டிப்ளமோ படித்தவன். பிறகு வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடிநீர்க் குழாய்களோடுதான் வாழ்க்கை. சட்டப்படி நான் எஞ்சினியர் இல்லை, பதிவுபெற்ற டெக்னாலஜிஸ்ட். பொறியியலிலேயே அது வேறொரு பதிவுநிலை. இந்த வித்தியாசத்தை என் ஆயாவுக்கு விளக்க இருபது ஆண்டு முயன்று தோற்றேன். கடைசிவரை கோயிலில் எல்லோரிடமும் "என் பேரன் எஞ்சினியர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே நான் சொல்வதை மேடையிலிருந்து வரும் உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே. பள்ளம் தோண்டிய இடத்திலிருந்து சொல்கிறேன்.

இப்போது மாறாதே. இரண்டு பாடம் போனதற்காக மாற வேண்டாம், சித்தி மகனைப் பார்த்தும் மாற வேண்டாம். மாறுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: களத்துக்குப் போய் இந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வது. நீ இன்னும் களத்துக்கே போகவில்லை என்பது உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. பார்க்காத பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஆகிவிடும்.

வகுப்புக்கும் வேலைக்கும் தொடர்பு புரியவில்லை என்கிறாய். எனக்கும் புரியாமல்தான் இருந்தது. புரிந்த நாளைச் சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்த புதிதில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு தொட்டியிலிருந்து கீழே ஓர் ஊருக்கு 250 மில்லிமீட்டர் குழாய். பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகவே இறங்கி வர வேண்டும். குழாயைப் பதித்து, மண்ணை மூடி, வால்வைத் திறந்தோம். கணக்கிட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வால்வைக் குறை சொன்னேன், குழாய் வாங்கிய கடையைக் குறை சொன்னேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

அந்த வேலையில் ஒரு சூலு மேஸ்திரி இருந்தார். எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நாள் காலையில் குழாய் போன வழியிலேயே நடந்தார். ஓரிடத்தில் நின்று, மண்வெட்டியால் தோண்டச் சொன்னார். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டிய குழாய் அரை மீட்டரிலேயே தட்டுப்பட்டது. அடியில் பாறை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பாறையை உடைக்கச் சோம்பல்பட்டுக் குழாயை அதன் மேல் ஏற்றி இறக்கிவிட்டார்கள். நூறு மீட்டருக்கு ஒரு முறை மட்டம் எடுத்து நோட்டில் எழுதியவன் நான். பாறை நான் மட்டம் எடுக்க அடித்த இரண்டு முளைகளுக்கு நடுவே இருந்தது. வரைபடத்தில் நேராக இறங்கிய குழாய்க்கு, மண்ணுக்கடியில் ஒட்டகம் மாதிரி ஒரு முதுகு. அந்த முதுகில் காற்று சிக்கிக்கொண்டு தண்ணீருக்கு வழிவிடாமல் உட்கார்ந்திருந்தது.

குழாயின் உச்சியில் சிறிய துளை போட்டோம். சீறிக்கொண்டு காற்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிறகு துப்பித் துப்பித் தண்ணீர். அதன் பிறகு ஒழுங்காக ஒரு தாரை. "அமன்ஸி" என்றார் பாபா. தண்ணீர் என்று பொருள். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த இடத்தில் காற்றை வெளியே விடும் ஓர் ஏர் வால்வு வைத்தோம், வேலை முடிந்தது.

குழாயின் உயர்ந்த இடங்களில் காற்று தேங்கும், அங்கே ஏர் வால்வு வை என்பது பாடநூலில் ஒரே ஒரு பத்தி. நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பத்தி எனக்குச் சொந்தமானது.

நீ ஹைட்ராலிக்ஸில் தவறியிருக்கிறாய். தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து வந்த பெண் தண்ணீர்ப் பாடத்தில் தவறுவது கொஞ்சம் வேடிக்கைதான், கோபித்துக்கொள்ளாதே. மறுபடி எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். உங்கள் பகுதிக்குத் தண்ணீர் தரும் தொட்டி எந்த மேட்டில் இருக்கிறது என்று கண்டுபிடி. ஒரு பெரிய தாளில் அந்தத் தொட்டியிலிருந்து உன் வீட்டுச் சமையலறைக் குழாய் வரை நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வரை. கடல்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் 110 மீட்டர், உன் வீட்டுக் குழாய் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். யாரும் தண்ணீர் திறக்கவில்லை என்றால் உன் குழாயில் 50 மீட்டர் உயரத்தின் அழுத்தம், அதாவது ஏறக்குறைய 5 பார். மதியம் கொஞ்சம் பேர் திறக்கிறார்கள். வழியில் உராய்வுக்கு 5 மீட்டர் போகிறது. மாலையில் ஊரே குளித்துச் சமைக்கிறது, ஓட்டம் இரட்டிக்கிறது. ஓட்டம் இரட்டித்தால் உராய்வு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 5 மீட்டர் போன இடத்தில் 20 மீட்டர் போகும். உனக்கு மிஞ்சுவது 30. தொட்டியிலிருந்து வீடு வரை அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று இந்த மூன்று நேரத்துக்கும் ஒவ்வொரு கோடாக, மூன்று நிறத்தில் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டு. அம்மா திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.

அதே தாளைப் பார்த்து இன்னொன்றும் யோசி. அழுத்தம் அதிகமாக இருப்பது எப்போது? நள்ளிரவு தாண்டி, ஊர் தூங்கும்போது. அப்போதுதான் ஓட்டைக் குழாய்கள் அதிகமாக ஒழுகும். கசிவைத் தேடுகிறவர்கள் விடியற்காலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அளவு எடுப்பது அதனால்தான். எல்லோரும் தூங்கும்போதும் மீட்டர் ஓடுகிறது என்றால், அந்தத் தண்ணீரை மண்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நாட்டில் குழாயில் விடும் தண்ணீரில் ஏறத்தாழ 47 விழுக்காடு காசாகாமல் போகிறது என்று தேசிய நீர்த்துறையே 2023 அறிக்கையில் சொன்னது. கசிவு, திருட்டு, ஓடாத மீட்டர், அனுப்பாத பில் எல்லாம் அதில் அடக்கம். உன் படிப்புக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டாயே, வேலை மண்ணுக்கடியில் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் "வேலை இருக்கிறது" என்பதும் "உனக்கு வேலை கிடைக்கும்" என்பதும் வேறு வேறு. இதை மறைத்துப் பேசுகிற ஆலோசகர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. தென்னாப்பிரிக்க சிவில் பொறியியல் கழகம் 2022இல் நாட்டின் உள்கட்டமைப்புக்கு மொத்தமாக டி, அதாவது பழுதாகும் அபாயத்தில் இருக்கிறது, என்று மதிப்பெண் போட்டது. ஆளில்லாத நகராட்சிகள் ஒரு பக்கம். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நாட்டில் எப்படி?

நான் பார்த்த வரையில் காரணம் இதுதான். பட்டம் வாங்கியவரை உடனே தனியாக வேலையில் விட முடியாது. யாராவது பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் பொறியியல் தொழில் சட்டப்படி, இங்கே பதிவு செய்வது தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம். எல்லோரும் எக்சா என்பார்கள். பட்டம் வாங்கியதும் நீ பயிற்சிநிலைப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம். அதன் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு, பதிவுபெற்ற ஒருவரின் கண்காணிப்பில், படிப்படியாகப் பொறுப்பு கூடும்படி வேலை பார்த்து, அதை அறிக்கைகளாக எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். மூன்று என்பது குறைந்தபட்சம். பலருக்கு ஐந்து, ஆறு ஆகிறது. பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர்கூட இல்லாத நகராட்சி உன்னை எடுத்தாலும் பழக்க ஆள் இருக்காது. ஐந்து ஆண்டு கழித்தும் நீ மேசையில் கோப்புகளை நகர்த்திக்கொண்டிருப்பாய், சம்பளம் மட்டும் ஒழுங்காக வரும். இப்படி மாட்டிக்கொண்ட நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதனால் எதைக் குறிவைப்பது என்ற உன் கேள்விக்கு நான் ஒரு துறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாலமோ, சாலையோ, துறைமுகமோ, தண்ணீரோ, ஒரு மனிதரைக் குறிவை. நேர்முகத் தேர்வின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டு இல்லை என்று சொல்வார்கள். தைரியசாலிகள் சம்பளம் கேட்பார்கள். நீ இப்படிக் கேள்: "இந்த அலுவலகத்தில் பதிவுபெற்ற பொறியாளர்கள் எத்தனை பேர்? என் பயிற்சி அறிக்கையில் கையொப்பமிடப் போவது யார்? அவரை நான் பார்க்கலாமா?" பெயர் சொல்லி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அந்த இடம் நல்ல இடம். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் மாதம் ஐயாயிரம் ராண்ட் கூடக் கொடுத்தாலும் யோசி. நகராட்சிகளில் புதுப் பட்டதாரிகளைப் பதிவு வரை கொண்டுபோகத் தேசியக் கருவூலம் ஒரு மானியத் திட்டம் வைத்திருக்கிறது. நம் டர்பன் நகராட்சியான ஈதெக்வினியும் அதில் சேர்ந்து ஆட்களை எடுத்திருக்கிறது. நகராட்சிக்குப் போவதென்றால் அந்த வழியாகப் போகப் பார்.

பெர்த் மாமாவுக்கு வருவோம். அவர் சொல்வது தப்பில்லை. ஒருவர் நாட்டுப் பொறியியல் படிப்பை மற்றவர் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நம் நாடு 1999இலிருந்து இருக்கிறது, ஆஸ்திரேலியாவும் இருக்கிறது. எக்சா அங்கீகரித்த நான்காண்டுப் பட்டத்தை அங்கே சமமாக ஏற்பார்கள். ஆனால் அந்த உடன்படிக்கை படிப்பைத்தான் ஏற்கிறது. மூன்று ஆண்டு என்ன செய்தாய் என்று கேட்டால், அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். வெறும் பட்டத்தோடு போனால் அங்கே நீயும் இன்னொரு புதுமுகம். இங்கே பதிவு வரை வேலை பார்த்துவிட்டுப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதுவரை மாமாவிடம் "பார்க்கலாம் மாமா" என்று சொல்லிக்கொண்டிரு. அவருக்கும் அந்தப் பதில் பழக்கமாக இருக்கும்.

"இந்தியர்களுக்கு வேலை இல்லை." இதை நான் உன் வயதிலிருந்து கேட்கிறேன், அப்போது காரணம் வேறு, பேச்சு இதேதான். 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் கறுப்பின மக்கள் என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம். அந்தச் சட்டம் முன்னுரிமை தரும் பிரிவுகளில் பெண்கள் தனியாகவும் வருகிறார்கள். மக்கள்தொகை விகிதத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும்போது நம் பங்கு சிறிது, சில இடங்களில் கதவு மூடும் என்பதும் உண்மை. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள். டீ குடிக்க வருகிறவர்களுடன் இதைப் பற்றி வாதாடாதே, நேரம் வீண். அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு விண்ணப்பம் போட்டார்கள் என்று மட்டும் மனதுக்குள் கேட்டுக்கொள்.

கணினியை விட்டுவிடச் சொல்லவில்லை. குழாய் வலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எப்பாநெட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கியது, இலவசம். சுவரில் ஒட்டிய உன் தாளை அதில் ஏற்று. வரைபடத்துக்குக் கியூஜிஸ், அதுவும் இலவசம். கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டால் நூறு வீட்டுக்குச் செய்ததைப் பத்தாயிரம் வீட்டுக்குச் செய்யலாம். தண்ணீரும் தெரிந்து நிரலும் எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் தொழிலில் குறைவு. இருக்கிறவர்களைக் கெஞ்சிக் கூப்பிடுகிறோம். சித்தி மகனிடம் பொறாமைப்படுவதை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பாடம் கேள். ஒரு நண்டுக் குழம்புக்கு ஒப்புக்கொள்வான்.

பணம்தான் கடினமான பகுதி. அதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. தவறிய பாடங்களை எழுதித் தேறிய கையோடு, ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் உதவித்தொகை கேட்டு நேராக எழுது. மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை அவர்கள் விரும்புவார்கள், சீக்கிரம் வேலைக்கு வருவார்கள் என்பதால். தவறியதை மறைக்காதே, மதிப்பெண் பட்டியலில் தெரியத்தான் போகிறது. பெரும்பாலும் ஓராண்டு உதவிக்கு ஓராண்டு வேலை என்று எழுதி வாங்குவார்கள். மறுபடி தவறினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியை அப்பாவை உட்காரவைத்து இரண்டு முறை படித்துக் காட்டு. ஃபிட்டர்கள் சின்ன எழுத்தை ஒழுங்காகப் படிப்பார்கள், அவர்கள் வேலை அப்படி.

வெள்ளத்தைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி எழுதியிருக்கிறாய். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் இந்த மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் போனார்கள். டோங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றோரத்தில் இருந்ததால் அடிபட்டது. அது உன் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதி ஆண்டாக இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல், வாசலில் பக்கெட்டை வரிசையாக வைத்துவிட்டுக் கணக்குப் படித்திருப்பாய். ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தவர்கள் வீட்டில் குளித்திருப்பாய். அந்த நினைவு உனக்கு நல்ல பலம்தான், ஆனால் நேர்முகத் தேர்வில் அதை உருக்கமாகச் சொல்லாதே. எதிரே இருப்பவர்கள் பொறியாளர்கள். கண் கலங்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக இதைச் சொல்: ஒரு பெரிய ஊர் ஒரே சுத்திகரிப்பு நிலையத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும்? பக்கத்து நிலையத்திலிருந்து இணைப்புக் குழாய் போடுவதென்றால் எந்த மேட்டை எப்படித் தாண்டுவது? மோட்டார்களையும் மின்பலகைகளையும் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்க வேண்டும்? பதில் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆயாவும் தாத்தாவும் கரும்புக் காட்டில் பட்ட பாட்டையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதே. அதைத் தைப்பூசத்தன்று கோயிலில் நினைத்துக்கொண்டால் போதும்.

இனி உடனே செய்ய வேண்டியது. விடுமுறைப் பணி உன் பட்டத்துக்கு எத்தனை வாரம் வேண்டும் என்று துறைக் கையேட்டில் பார்த்துக்கொள். ஆண்டு இறுதி விடுமுறைக்கு நிறுவனங்களுக்கு ஆகஸ்டிலேயே எழுது. ஏனென்றால் இந்த நாட்டில் கட்டுமானத் துறை டிசம்பர் நடுவில் கதவைச் சாத்திவிட்டு ஜனவரி தொடங்கிய பிறகுதான் திறக்கும். தேர்வு முடிந்து இரண்டு வாரம் தூங்கி எழுந்து போனால் காவலாளி மட்டும்தான் இருப்பார். கடைசித் தேர்வுக்கு மறுநாளே போய் நில். அலுவலகத்தில் உட்காரவைத்தால் வேண்டாம் என்று சொல்லி, குழாய் பதிக்கும் குழுவோடு அனுப்பச் சொல். ஒரு நோட்டு வைத்துக்கொள். அன்றன்றைக்கு என்ன பார்த்தாய், எது புரியவில்லை என்று எழுது. மேஸ்திரிக்கு முதலில் வணக்கம் சொல், பிறகு எஞ்சினியருக்கு.

பாதுகாப்பு பூட்ஸை மட்டும் உன் அளவுக்கு நீயே வாங்கிக்கொண்டு போ. களத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள், ஸ்டோர்காரருக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. கேட்டால் ஆண்களுக்கான எட்டாம் நம்பரை எடுத்து நீட்டுவார்.